ஜெபத்தின் பின்பாதி

பேச்சு வந்துவிட்டது என்று ஓடிவந்து சொன்னவள் நர்ஸ். மூப்பர் அப்போது வார்டுக்கு வெளியே, குடிதண்ணீர் மிஷின் பக்கத்தில் நின்று அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் திணறுகிறது, இன்னும் கொஞ்ச நாளில் படுத்துவிடும் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் காது எங்கே போனாலும் அந்தப் பக்கம்தான் திரும்பும். அதிலும் மனைவி பக்கவாதத்தில் வாயடைத்துப் படுத்திருக்கும்போது, தன் கைக்கு அடங்கக்கூடிய ஒரு பழுதைப் பற்றி யோசிப்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

அவர் உள்ளே ஓடினார். தலையணையில் சாய்ந்திருந்த மனைவியின் வாய் வலப்பக்கம் இறங்கியிருந்தது. ஆனால் அந்த வாயிலிருந்து வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. குழறல் இல்லை, தடுமாற்றம் இல்லை, பள்ளிப் பிள்ளை மனப்பாடப் பாட்டை ஒப்பிப்பதுபோல ஒரே சீராக வந்தன. மூப்பர் குனிந்து காது கொடுத்தார். கத்தோலிக்கரின் மாதா ஜெபத்தை, அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி ஆமென் வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"நல்ல அறிகுறி சார், சாமி பேரைத்தான் முதல்ல சொல்லியிருக்காங்க" என்றாள் நர்ஸ்.

மூப்பர் தலையாட்டினார்.

அவரை ஊரில் பாதிப்பேர் மூப்பர் என்றுதான் அழைத்தார்கள். சபையில் போதகருக்கு அடுத்தபடி பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பெயர். வியாழக்கிழமை வேதபாட வகுப்பை அவர்தான் நடத்துவார். பழுது பார்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு ஃபிரிட்ஜின் கதவிலும் ஒரு வசன ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவார். ஐஸ் கட்டுகிறதோ இல்லையோ, வசனம் மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வதுண்டு. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் அவரிடம் கேலிக்கு இடமில்லை. மனுஷனுக்கும் தேவனுக்கும் நடுவில் இயேசு ஒருவர்தான் உண்டு, வேறு யாரையும் அங்கே நிறுத்தக்கூடாது என்பது அவர் உயிரோடு ஒட்டிய நம்பிக்கை.

அது புத்தகம் படித்து வந்த நம்பிக்கையும் அல்ல. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு ஒருவர் சிபாரிசு, தொழில் பழக இன்னொருவர் சிபாரிசு, கடைக்குக் கரண்டு இழுக்க வேறொருவர் சிபாரிசு என்று அவர் அப்பா வாசல் வாசலாகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். இளைஞனாக முதல்முறை அந்தச் சபைக்குள் நுழைந்தபோது, சிபாரிசே வேண்டாம், நீ நேரே உள்ளே போகலாம், உள்ளே இருப்பவர் உன் அப்பா என்று சொன்னார்கள். அன்றைக்கு அவர் அழுத அழுகையைச் சபையில் பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். மாதாவிடம் வேண்டுகிறவர்களை அவர் வெறுத்ததில்லை. திறந்து கிடக்கிற கதவுக்கு வெளியே நின்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று பரிதாபப்படுவார்.

அப்படிப்பட்டவர் கல்யாணம் செய்துகொண்டது மாதா படத்துக்கு முன்னால் வளர்ந்த பெண்ணை. அவளைப் பார்த்ததே அந்தப் படத்தால்தான். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அடிக்கடி நின்றுபோகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஃபிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. அதன் மேல் மாட்டியிருந்த மாதா படத்துக்கு ஒரு குட்டி பல்பு. அதன் ஒயரைக் கொண்டுவந்து அதே பிளக்கில் முறுக்கி வைத்திருந்தார்கள். பல்பைக் கழற்றினால் ஃபிரிட்ஜ் ஓடும் என்றார் அவர். பல்பைக் கழற்ற முடியாது, வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றாள் அந்த வீட்டுப் பெண். வேறு வழி செய்தார். மாதாவுக்குத் தனி பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்த ஒரே புராட்டஸ்டண்ட் தான்தான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் தன் ஜெபமாலையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு விதமாக ஜெபிக்க வேண்டாம் என்று அவளே சொன்னாள். அவர் சபையில் ஞானஸ்நானம் எடுத்தாள், வேதத்தைத் தலைகீழாகப் படித்தாள், ஞாயிறு பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சொந்தமாகப் பிள்ளை இல்லாத குறையை அந்தப் பிள்ளைகள் தீர்த்தார்கள். சபை முழுக்க அவளை டீச்சர் என்றது; வீட்டில் அவரும் டீச்சர் என்றே கூப்பிட்டார். பிள்ளைகள் நாடகம் போடும்போது மட்டும் நீலப் போர்வை போர்த்திய ஒரு மரியாள் மேடைக்கு வருவாள். அந்தச் சிறுமிக்கு டீச்சர்தான் நடக்கச் சொல்லிக்கொடுப்பாள். மற்ற நாட்களில் அந்தப் பெயர் அந்தச் சபையில் எழும்புவது குறைவு. அவள் வாயிலிருந்தும் எழும்பியதில்லை. அது எப்போதோ முடிந்துபோன விஷயம் என்று மூப்பர் இருந்துவிட்டார்.

இப்போது அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதன் முழு அர்த்தம் அவருக்கு உறைத்தது. கீழே பட்டறை, மேலே வீடு. வலது கையும் காலும் விழுந்துவிட்டதால் அவளுக்கு எல்லாவற்றுக்கும் அவர் வேண்டும். தண்ணீருக்கும் அந்த ஜெபம், தலையணை நகர்ந்தாலும் அந்த ஜெபம், கோபத்துக்கும் அதே. வேகமாகச் சொன்னால் கழிப்பறை. இழுத்து இழுத்துச் சொன்னால் முதுகு வலி. பாதியில் குரல் உயர்ந்தால், சூப் சூடாக இருக்கிறது. தொடங்கினால் ஆமென் வரை போய்த்தான் நிற்கும், நடுவில் நிறுத்த அவளாலேயே முடியாது. ஒருமுறை அவசரத்தில், சொல்லி முடிப்பதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அவள் கண்ணீர் வழிய ஆமென் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள். மூப்பர் துணியை மாற்றிக்கொண்டே, பரவாயில்லை டீச்சர், பரவாயில்லை டீச்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் வழியே சத்தம் தெருவுக்குப் போனது. மூப்பர் வீட்டில் மாதா ஜெபமா என்று, ஃபிரிட்ஜ் கொண்டுவந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். மூப்பர் மேலே போய் ஜன்னலைச் சாத்தினார். அறை புழுங்கியது. அவள் அவரையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். வெட்கப்பட்டுப்போய் மறுபடி திறந்தார்.

சபையிலிருந்து பெண்கள் ஐந்தாறு பேர் ஜெபிக்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, கண்ணை மூடி, உருக்கமாக ஜெபித்தார்கள். முடிந்ததும் பாடகர் குழுத் தலைவி குனிந்து டீச்சரின் கையைப் பிடித்தாள். டீச்சருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று முகமெல்லாம் தவிப்பு. வாயைத் திறந்தாள். அருள் நிறைந்த மரியே என்று வந்தது. ஒரு பெண் சுவரில் எங்காவது படம் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். டீச்சர் பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளும்படி மாதாவைக் கேட்டு முடிக்கும் வரைக்கும் எல்லோரும் நின்றார்கள். பிறகு டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு மாலையே போதகர் வந்தார். மூப்பரைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர், யாருக்கும் மனம் நோகப் பேசத் தெரியாதவர். டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் வாசித்தார். பிறகு மூப்பரிடம் திரும்பி, "நீங்க இதை மனசுல வச்சுக்காதீங்கண்ணே. பேசுறது அம்மாவோட நாக்குதான், இருதயம் இல்ல. கர்த்தர் இருதயத்தைத்தான் பார்க்கிறார்" என்றார்.

மூப்பருக்கு அந்த வார்த்தை தேனாக இனித்தது. அப்படியே பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கட்டிலைப் பார்த்தார். டீச்சர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். கண்ணின் ஓரத்திலிருந்து காதுக்கு நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கிறது, புரிகிறது. ஆனால் அந்தக் கண்ணீர் ஆமாம் என்கிறதா, இல்லை என்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். இளவயது, சுறுசுறுப்பு, மதம் எதிலும் ஒட்டுதல் இல்லாதவள். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கிறது, ஆனால் சின்ன வயதில் தினம் தினம் சொல்லி ஊறிப்போனது வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும், அதனால்தான் இது மட்டும் வருகிறது என்று விளக்கினாள். மூப்பர் தயங்கித் தயங்கி, வேறு ஏதாவது வரவைக்க முடியாதா என்று கேட்டார். முயன்று பாருங்கள் என்றாள் அவள்.

முயன்று பார்த்தார். முப்பது வருஷம் அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வேதத்துச் சங்கீதத்தின் முதல் அடியைச் சொல்லிக் காத்திருந்தார். அவள் உதடு துடித்தது, வார்த்தை வரவில்லை. கர்த்தருடைய ஜெபத்தைச் சபையில் சொல்கிற மாதிரி தொடங்கினார். அவள் கூடவே வர முயன்று, இரண்டு எட்டில் இடறி, மரியேயில் போய் விழுந்தாள். பாட்டுப் பாடினார். ராகம் வந்தது, அழகாகவே வந்தது, ஆனால் சொல் இல்லாத வெறும் ராகம். முப்பது வருஷத்துச் சபை அவளுக்குள் ராகமாக மட்டும் தங்கியிருக்கிறது என்று மூப்பர் நினைத்துக்கொண்டார். யார்மேல் கோபப்படுவது? அவள் ஏமாற்றவில்லை. அவள் தாய் ஊட்டிய சோறு முதலில் உடம்பில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

"எது வருதோ அதுலதான் சார் ஆரம்பிக்கணும்" என்றாள் பயிற்சிப் பெண். "நீங்க பாதி சொல்லுங்க, அவங்க மீதி சொல்லட்டும். அந்தக் கோர்வையை மெதுவா உடைச்சு, உள்ள இருக்கிற வார்த்தையை ஒவ்வொண்ணா வெளிய எடுக்கலாம்."

மூப்பர் வேதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஜெபத்தின் முன்பாதி தேவதூதன் மரியாளுக்குச் சொன்ன வாழ்த்து, அதற்கடுத்தது அவள் உறவுக்காரி எலிசபெத்து சொன்னது. இரண்டும் அவர் வேதத்திலும் இருக்கிறது. அவரே வகுப்பில் வாசித்திருக்கிறார். அதைச் சொல்வதில் பாவம் இல்லை. பின்பாதிதான், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிறதே, அதுதான் வேதத்தில் இல்லாதது. முன்பாதியை நான் சொல்கிறேன், பின்பாதி அவளுடையது என்று முடிவு செய்தார். தன் மனசாட்சிக்கும் மனைவிக்கும் நடுவில் சுவர் எழுப்பாமல் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக அவருக்குச் சின்ன மகிழ்ச்சிகூட இருந்தது.

கொஞ்ச நாள் அது நடந்தது. முன்பாதியில் வருகிற கனி என்ற சொல்லில் நிறுத்திவிட்டு, பயிற்சிப் பெண் ஒரு ஆப்பிளைக் காட்டினாள். திரும்பத் திரும்பக் காட்டினாள். ஒரு நாள் டீச்சர் ஜெபத்தை விட்டுவிட்டு, ஆப்பிளைப் பார்த்து, "கனி" என்றாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் தானாகச் சொன்ன முதல் சொல். மூப்பர் கட்டிலருகே மண்டியிட்டுவிட்டார். அதற்குப் பிறகு சாப்பிடுகிற எல்லாமே கனிதான். ரொட்டியும் கனி, பாலும் கனி, மாத்திரையும் கனி. இந்தக் கனி கசக்குமே டீச்சர் என்று மாத்திரையைக் கொடுப்பார். அவள் ஒரு பக்க வாயால் சிரிப்பாள்.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சக்கர நாற்காலியில் சபைக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் ஓடிவந்து மொய்த்துக்கொண்டார்கள். டீச்சருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஆனந்தம் வந்தால் எது வருமோ அது வந்தது. பிள்ளைகளுக்கு அது புதுப்பாட்டாக இருந்தது. டீச்சர் சொன்னால் திருப்பிச் சொல்வதுதானே அவர்கள் பழக்கம். ஆராதனை தொடங்குவதற்குள் பின்வரிசையில் பத்துப் பன்னிரண்டு குட்டிக் குரல்கள் மரியே வாழ்க என்று ஒப்பித்துக்கொண்டிருந்தன. டீச்சர் இடது கையால் தாளம் போட்டாள். முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின.

போதகர் அடுத்த நாள் வந்து, பட்டறையில் நின்றபடியே பேசினார். மேலே வர அவருக்குக் கால் வரவில்லை. சில பெற்றோர் சங்கடப்படுகிறார்கள், சின்னப் பிள்ளைகள் குழம்பிவிடக்கூடாது, கொஞ்ச நாளைக்கு அம்மாவுக்கு வீட்டிலேயே ஆராதனை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. மூப்பர் கையில் பிடித்திருந்த செம்புக் குழாயைத் துடைத்துக்கொண்டே சரி என்றார். என்ன சொல்ல முடியும்? வேறொரு வீட்டு அம்மா என்றால், போதகரோடு கூடவே போய் இதே வார்த்தையைத் தானும் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் பயிற்சிப் பெண் அந்த விஷயத்தைச் சொன்னாள். முன்பாதியில் எடுக்கிற வார்த்தை எல்லாம் எடுத்தாயிற்று. அன்றாடம் புழங்குகிற வார்த்தைகள் பின்பாதியில் இருக்கின்றன. வேண்டிக்கொள்ளும் என்பதிலிருந்து வேண்டும் என்ற சொல்லை உடைத்து எடுக்கலாம். இப்பொழுதும் என்பதிலிருந்து இப்போது. இந்த இரண்டும் வந்துவிட்டால் ஒரு மனுஷி பிழைத்துக்கொள்வாள். ஆனால் அதற்கு நீங்கள் பின்பாதியைச் சொல்லித் தர வேண்டும், தினமும், பல தடவை.

"அது என்னால முடியாதும்மா" என்றார் மூப்பர்.

"உங்களுக்கு அது ஜெபம் சார். எனக்கு அது ஒரு வாக்கியம். வாக்கியமா நினைச்சுச் சொல்லுங்களேன்."

அங்கேதான் அவருக்குச் சிக்கல். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வெறும் வாக்கியமாகச் சொன்னால், அவள் நிஜமாகவே ஜெபித்துக்கொண்டிருக்கும் பட்சத்தில் அது கேலி. மனதாரச் சொன்னால், தான் இத்தனை வருஷம் நம்பினதற்குத் துரோகம். சொல்லாமல் இருந்தால் வேண்டும் என்ற ஒரு சொல்லைக்கூட அவளுக்குக் கொடுக்காதவன். மூன்று பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தது.

அவளிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "டீச்சர், ஒண்ணு கேட்கிறேன். நீ ஜெபம் பண்றியா? இல்ல வேற வார்த்தை வராததால இது வருதா? ஜெபம்னா என் கையை அழுத்து."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். எவ்வளவோ சொல்லவிருப்பதுபோல மூச்சை இழுத்தாள். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, நிதானமாக, ஆமென் வரை சொன்னாள். சொல்லிக்கொண்டே கையை அழுத்தினாள், விட்டாள், மறுபடியும் அழுத்தினாள். முடித்துவிட்டு, புரிந்ததா என்பதுபோலப் பார்த்தாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது என்று தலையாட்டினார்.

தங்கையைப் பார்க்க அக்கா வந்தாள். வயதானவள், பேருந்து மாறி மாறி, மூட்டு வலியோடு வந்திருந்தாள். கல்யாணத்தின்போது உண்டான பிணக்கு எப்போதோ ஆறிவிட்டது. ஆனாலும் இந்த வீட்டுக்குள் வரும்போது அவள் தன் கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள் விட்டுக்கொள்வாள். தங்கை வாயிலிருந்து அந்த ஜெபத்தைக் கேட்டதும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முன்பாதியைச் சொன்னாள். தங்கை பின்பாதியைச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சின்ன வயதில் வீட்டில் சாயங்காலம் அப்படித்தானாம், ஒருத்தி தொடங்க, மற்றவள் முடிக்க. டீச்சரின் முகம் அப்படித் தெளிந்து மூப்பர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவர் வாசற்படியில் நின்றார். தன் வீட்டிலேயே விருந்தாளி போல இருந்தது.

"மாதா அவளைக் கைவிடல தம்பி" என்றாள் அக்கா, வெளியே வந்து. சண்டைக்குச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னாள்.

நாக்குதான் பேசுகிறது, இருதயம் அல்ல என்று போதகர் சொன்னதை மூப்பர் சொன்னார். சொல்லும்போதே அது அவர் காதுக்கே நன்றாக இல்லை.

"சரி, நாக்காவே இருக்கட்டும். அவளுக்குப் பசிச்சா, வலிச்சா, டாக்டர்கிட்டயும் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் நீங்கதானே போய்ச் சொல்றீங்க? அவளுக்காக நீங்க கேட்கலாம். எங்களுக்காக மாதா கேட்கக்கூடாதா?"

"அது வேற அக்கா."

"வேறதான்" என்றாள் அவளும். தண்ணீர் குடித்துவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது நடந்தது. மூப்பர் கீழே ஒரு ஃபிரிட்ஜுக்கு வாயு ஏற்றிக்கொண்டிருந்தார். மேலே டீச்சரின் குரல் கேட்டது. எந்த ரகம் என்று பிடிபடவில்லை. வேகமும் இல்லை, இழுப்பும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். அவள் எழுந்து உட்கார முயன்று, பாதியில் சரிந்து கிடந்தாள். நிமிர்த்தி உட்கார வைத்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு முன்பாதியைச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

அவள் நிறுத்தி அவர் பார்த்ததே இல்லை. நிறுத்த முடியாமல்தான் இத்தனை நாள் அவள் பட்ட பாடு. இப்போது நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு, அவரையே பார்த்தாள். அவர் முறை என்பதுபோல.

"நீ சொல்லு டீச்சர்" என்றார். அவள் சட்டையை விடவில்லை. மறுபடியும் முன்பாதி. மறுபடியும் காத்திருந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த இடத்தில் நிறுத்துவதற்கு அவள் என்ன பாடுபடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

மூப்பர் பின்பாதியைச் சொன்னார். குரல் வரவில்லை; காற்றாகத்தான் வந்தது. யாரை நோக்கிச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாமல், அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாவிகளாகிய எங்களுக்காக என்ற இடத்தைத் தாண்டினார். வேண்டிக்கொள்ளும் என்று முடிக்கப் போனபோது, அவள் குறுக்கே வந்தாள்.

"வேண்டும்" என்றாள்.

அவர் ஆமெனை மறந்துவிட்டார். "என்ன சொன்ன?"

"வேண்டும்." பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்போ. வேண்டும்."

மூப்பர் அழுதுகொண்டே சிரித்தார். என்ன வேண்டும், சொல்லு, எது வேண்டுமானாலும் கொண்டுவருகிறேன் என்றார். அவள் இடது கையைத் தூக்கி எங்கோ காட்டினாள். ஜன்னலா, அலமாரியா, வாசலா என்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்தார். இல்லை என்று தலையசைத்தாள். பால், போர்வை, கழிப்பறைச் சட்டி, மூக்குக் கண்ணாடி. இல்லை. வேதப் புத்தகத்தை மடியில் வைத்தார். அவள் அதன்மேல் கையை வைத்து, தடவி, மெல்ல நகர்த்தினாள். "வேண்டும்." ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு எடுத்த படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். வெகுநேரம் பார்த்தாள். அதுவும் இல்லை. அலமாரியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கீழே போய் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்தார். பெண்ணுக்குப் பெண் புரியும் என்று நினைத்தார். அவளுக்கும் புரியவில்லை.

கடைசியில் அவருக்கு ஒன்று தோன்றியது. அதைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? அக்காவுக்குப் போன் செய்து, அவளுடைய பழைய ஜெபமாலை இருக்கிறதா, எடுத்துக்கொண்டு உடனே வர முடியுமா என்று கேட்டார். அக்கா, வர்றேன் தம்பி என்றாள்.

அவள் வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. டீச்சர் களைத்துப்போய், சாய்ந்தபடி, நிமிஷத்துக்கொருமுறை அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து மூப்பரிடமே நீட்டினாள். நீங்களே கொடுங்கள் என்று கண்ணால் சொன்னாள். மணிகள் தேய்ந்து பளபளத்தன. மூப்பர் அதை வாங்கி மனைவியின் இடது கையில் வைத்தார். எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த ஒரு நிமிஷம் அவர் முழுசாக நம்பினார்.

டீச்சர் அதைப் பார்த்தாள். யாரென்று தெரிந்த முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உதட்டில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வேதப் புத்தகத்தை நகர்த்தினது போலவே அதையும் மெல்லப் படுக்கையில் வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"வேண்டும்" என்றாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். மூப்பர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தெரியலையே டீச்சர், எனக்குத் தெரியலையே என்று சொன்னார். டீச்சர் அவர் தலைமேல் கையை வைத்தாள். அப்படியே இருந்து, கண் செருகித் தூங்கிப்போனாள். விழித்தபோது, அது எதுவாக இருந்ததோ, அதைக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டும், ஜன்னல் திறக்க வேண்டும் என்று எத்தனையோ வேண்டும் வந்தது. கையால் காட்டுவாள், அவரும் கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை கேட்டது என்ன என்று மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

மூப்பர் போதகரைப் பார்க்கப் போனார். தினமும் காலையும் மாலையும் அவளோடு அந்த ஜெபத்தைச் சொல்கிறேன், முழுசாகச் சொல்கிறேன், நம்பிச் சொல்கிறேனா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை என்றார். போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, வியாழக்கிழமை வகுப்பைக் கொஞ்ச நாள் வேறொருவர் எடுக்கட்டும் என்று மெல்லச் சொன்னார். மூப்பரும் அதைத்தான் கேட்க வந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பட்டறை வாசலில் ஒருவர் ஃபிரிட்ஜோடு காத்திருந்தார். கூலிங் ஆகவில்லை, என்னவென்று பாருங்கள் என்றார். மூப்பர் காது வைத்துக் கேட்டார். மேலே டீச்சர் கூப்பிட்டாள். இப்போ வேண்டும் என்றாள். வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே அவர் படியேறினார்.